வட்டத்துக்குள் இல்லாத ஊர்

1

“இன்னாடா எழுதிக்கீறான் இதுல? நீதான் நாள்பூரா இங்கிலீஷ்ல தட்டினு கீறியே, படிச்சு சொல்லு.”

சித்தப்பா மேசைமேல் போட்டது 34 பக்க ஒப்பந்தம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து. மூன்று வருடத்துக்கு முன்னால் போட்டது. போடும்போது ஒரு பக்கத்தைக்கூட அவர் படிக்கவில்லை. என்னிடமும் காட்டவில்லை. நான் பெங்களூரில் இருந்தேன், கேட்டிருந்தாலும் “அப்புறம் பாக்கறேன் சித்தப்பா” என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால் இதில் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

சித்தப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 22 வருடம் கட்டிங் பிரிவில் இருந்தவர். வேலையை விட்டபோது வந்த பணம், சித்தியின் நகை, வங்கிக் கடன் எல்லாவற்றையும் சேர்த்து ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிரியாணிக் கடை திறந்தார். சொந்தப் பெயரில் இல்லை. ஒரு நிறுவனத்தின் பிரான்சைஸ். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். மசாலா அங்கிருந்து வரும், போர்டு அவர்களுடையது, விற்பனையில் 6 சதவீதம் ராயல்ட்டி. “ஆம்பூர்ல பொறந்துட்டு பிரியாணிக்கு வாடகை கட்றவன் நான் ஒருத்தன்தான்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கடை நன்றாகத்தான் ஓடியது. பத்து பில்லில் நான்கு, நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வரும் கார்க்காரர்களுடையது. பிறகு ஒருநாள் நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்ரோல் பங்க், கழிப்பறை, ஃபுட் கோர்ட் எல்லாம் சேர்ந்த ஓய்விடம் ஒன்று திறந்தது. ஃபுட் கோர்ட்டில் ஐந்து கடை. அதில் மூன்றாவது கடையில் அதே போர்டு, அதே மசாலா. சித்தப்பாவின் கல்லாவிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் 2 கிலோமீட்டர்கூட இல்லை.

ஒப்பந்தத்தில் எல்லை என்று ஒரு பிரிவு இருந்தது. கடையை மையமாக வைத்து 3 கிலோமீட்டர் வட்டத்துக்குள் நிறுவனம் வேறு கடை திறக்காது, வேறு யாருக்கும் உரிமம் கொடுக்காது. இதைத்தான் விற்பனை அதிகாரி விரலால் மேசைமேல் வட்டம் போட்டுக் காட்டி, “இந்த ஏரியா உங்களோடது சார்” என்றிருக்கிறார். சித்தப்பாவுக்கு நினைவில் இருந்தது அந்த விரல்தான்.

அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு பத்தி. ‘வழக்கமல்லாத இடங்கள்’ இந்த எல்லையில் சேராது, அவை எங்கே இருந்தாலும் அங்கே கடை வைக்கும் உரிமை நிறுவனத்துக்கே. அந்த இடங்கள் எவை என்று ஒரு பட்டியல்: ரயில் நிலையம், பேருந்து நிலையம், விமான நிலையம், மருத்துவமனை, கல்வி வளாகம், தொழிற்சாலை, ராணுவ வளாகம், திரையரங்கு, வணிக வளாகம், பெட்ரோல் பங்க், நெடுஞ்சாலை ஓய்விடம், கண்காட்சித் திடல். கடைசியாக ஒரு ‘முதலியன’.

நிரல் எழுதுகிறவனுக்கு இது பழகிய விஷயம். ஒரு விதி எழுதுவோம், கீழே விதிவிலக்குகள் எழுதுவோம். விதிவிலக்கு விதியைவிடப் பெரிதாகிவிட்டால் அந்த நிரலை உண்மையில் நடத்துவது விதிவிலக்குதான். ஃபோனில் வரைபடத்தைத் திறந்து அந்த வட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். 28 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஒரு ரயில் நிலையம், இரண்டு ஷூ கம்பெனி, ஒரு தனியார் மருத்துவமனை, ஒரு கல்லூரி, மூன்று பெட்ரோல் பங்க், நெடுஞ்சாலை. பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக வட்டத்திலிருந்து கழித்தேன். மிச்சம் இருந்தது வீடுகள், தென்னந்தோப்பு, பாலாற்று மணல்.

சித்தப்பாவுக்குக் கொடுத்த ஊரில், வெளியே சாப்பிடுகிறவர்கள் இருக்கும் இடம் எதுவுமே இல்லை.

அந்த ஒரு பத்தி எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். அதன் சொற்கள் அமெரிக்காவில் பிறந்தவை. ஆனால் அதற்குள் இருக்கும் யோசனை நம்ம பக்கத்துக்குப் புதிதில்லை, 160 வருடத்துக்கும் மேலாக இங்கேயே இருக்கிறது.

2

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டில் வந்து நின்றது. தோல் பட்டையின் கிழக்கு வாசல் அது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தண்டவாளம் பாலாற்றை ஒட்டி மேற்கே நீண்டது: காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்துக்குப் போனதும் இந்தப் பாதையில்தான்.

ரயில் வந்ததும் சாப்பாட்டில் ஒரு புதுவகை இடம் உருவானது. அதற்குமுன் வழியில் சாப்பாடு என்றால் சத்திரம், சாவடி, கட்டுச்சோறு. சத்திரத்தில் எவ்வளவு நேரம் இருப்பது என்பது பயணியின் கையில். ரயில் நிலையத்திலோ நேரம் கார்டின் பச்சைக்கொடியில் இருந்தது. தொடக்ககால ரயில்களில் சமையல் பெட்டி கிடையாது. வண்டி நின்று நீர் பிடித்துக் கிளம்புவதற்குள் பயணி சாப்பிட்டாக வேண்டும். பசித்தவன் இருக்கிறான், அவனால் வெளியே போக முடியாது. இதைவிட நல்ல வாடிக்கையாளர் ஒரு உணவகத்துக்கு வாய்க்க முடியுமா?

ரயில் கம்பெனிகளுக்கு இது உடனே புரிந்தது. நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைகளை உரிமத்துக்கு விட்டார்கள். கிழக்கிந்திய ரயில்வேயில் கெல்னர் கம்பெனி, தெற்கே பல நிலையங்களில் ஸ்பென்சர் கம்பெனி. இந்த உரிமத்தின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். அது ஒரு ஊருக்கான உரிமை அல்ல. ஒரு கோட்டுக்கும் அதன்மேல் உள்ள புள்ளிகளுக்குமான உரிமை. நிலையத்துக்கு எதிரே ஓட்டல் வைத்திருந்தவர் ஊருக்கே ராஜாவாக இருக்கலாம். பிளாட்பாரத்தின் வேலி தாண்டினால் அவருக்கு ஒரு வடை விற்கும் உரிமைகூட இல்லை. இரண்டு கடைக்கும் நடுவே தூரம் என்னவோ 50 அடிதான், அந்த 50 அடியில் ஒரு கேட் இருந்தது.

கேட்டின் சொந்தக்காரர் யார் விற்கலாம் என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை. யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதையும் முடிவு செய்தார். தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்றிருந்தது. பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தாரும் தொடர்ந்து எதிர்த்து, 1941-இல்தான் அந்தப் பிரிவு எடுக்கப்பட்டது. தெருவில் இருக்கும் ஒரு ஓட்டலில் அப்படிப் போர்டு மாட்டியிருந்தால் போகாமல் இருந்துவிடலாம். ரயில் நிலையத்தில் போவதற்கு வேறு இடம் இல்லை. அதனால்தான் அந்தப் போர்டு வெறும் அவமானமாக மட்டும் இல்லாமல், பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் யாருக்கு உரிமை என்ற கேள்வியாகவும் மாறியது.

சுதந்திரத்துக்குப் பிறகும் கேட் கேட்டாகவே இருந்தது, சாவி மட்டும் கை மாறியது. ஓ.வி. அளகேசன் தலைமையில் 1954-இல் அமைந்த குழு ரயில்வே உணவு வசதிகளை ஆராய்ந்தது. பிறகு ரயில்வேயே துறைரீதியாகப் பல உணவகங்களை நடத்தியது. 1999-இல் ஐஆர்சிடிசி உருவானது. 2005, 2010, 2017 என்று மூன்று உணவுக் கொள்கைகள் வந்தன, ஒவ்வொன்றும் முந்தையதில் யாரிடம் இருந்த அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது என்று மாற்றி எழுதியது. பத்தடிக் கடை வைத்திருந்த பிளாட்பாரக் கடைக்காரர்கள், உரிமத்தைப் புதுப்பிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார்கள். பத்தடிக் கடைக்கு ஏன் உச்ச நீதிமன்றம் என்று கேட்டால், அவர்கள் காப்பாற்றிக்கொள்ள நினைத்தது கடையை அல்ல, கேட்டுக்கு உள்ளே இருக்கும் உரிமையை.

3

தோல் பட்டையின் இரண்டாவது கேட் தொழிற்சாலையுடையது.

1970-கள் வரை இந்தப் பக்கம் பெரும்பாலும் டேனரிகளின் ஊர். 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்த பிறகு மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலையும் தோல் பொருள்களையும் ஏற்றுமதி செய்யத் தூண்டியது. அதன் தொடர்ச்சியாக ஷூ கம்பெனிகள் பெருகின. காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்களில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் காட்சி எங்கள் பக்கத்தின் அன்றாடம். வெளியூர்க்காரர் பார்த்தால், இவ்வளவு பேர் இருக்கிற ஊரில் கேட்டுக்கு எதிரே ஓட்டல் வைத்தால் கோடீஸ்வரன் ஆகிவிடலாம் என்று நினைப்பார்.

ஆக முடியாது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவில் குறைந்தது அரை மணி இடைவேளை தரவேண்டும் என்றது. அந்த அரை மணியில் கை கழுவி, டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிட்டு, திரும்பி மெஷின் முன்னால் உட்கார வேண்டும். அதே சட்டத்தின் 46-ஆவது பிரிவு, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் அமைக்கும்படி அரசு விதிக்கலாம் என்றது. தொழிலாளிக்கு நல்லது செய்ய வந்த சட்டம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் பக்கவிளைவாக ஊருக்குள் இன்னொரு வேலி போட்ட சாப்பாட்டு இடம் சட்டபூர்வமாகவே உருவானது. சித்தப்பா 22 வருடத்தில் ஒருநாள்கூட மத்தியானச் சாப்பாட்டுக்குக் கேட்டைத் தாண்டியதில்லை. அவர் கடை வைத்தபோது, தான் விட்டுவந்த ஆயிரம் பேர் வாடிக்கையாளராக வருவார்கள் என்று மட்டும் அவர் கணக்குப் போடவில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்தது. நெடுஞ்சாலைக்கும் அதே போல ஒரு கேட் முளைக்கும் என்பதுதான் தெரியவில்லை.

எல்லாக் கேட்டும் ஒரே மாதிரி இல்லை என்பதற்கு வேலூரிலேயே உதாரணம் இருக்கிறது. 1900-இல் ஐடா ஸ்கட்டர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சிஎம்சி. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கூட வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்குகின்றன. ஒரு டெஸ்ட்டுக்கும் அடுத்த டெஸ்ட்டுக்கும் நடுவில் அவர்களுக்கு நேரம்தான் இருக்கிறது, நேரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் காந்தி ரோட்டிலும் அதன் சந்துகளிலும் வங்காள எழுத்தில் போர்டு வைத்த மெஸ்கள், மீன் குழம்பும் சாதமும், அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பு தரும் லாட்ஜ்கள். மருத்துவமனைக்குள்ளும் கேன்டீன் உண்டு. ஆனாலும் ஊர் சாப்பாடு விற்றுப் பிழைக்கிறது. ஏனென்றால் அந்தக் கேட் வழியாக ஆட்கள் வெளியே வர முடியும், வந்து திரும்ப நேரமும் உண்டு.

எத்தனை கிலோமீட்டர் என்பது இதில் எங்கேயும் பேச்சே இல்லை. எத்தனை நிமிடம், கேட்டின் சாவி யாரிடம் என்ற இரண்டு கேள்விதான். சித்தப்பாவின் ஒப்பந்தம் இந்த இரண்டையும் சாமர்த்தியமாகத் தெரிந்து வைத்திருந்தது. அவருக்குக் கொடுத்த வாக்குறுதியைக் கிலோமீட்டரில் எழுதியது, தனக்கு வைத்துக்கொண்டதைக் கேட்டுகளில் எழுதியது.

4

இப்போது அந்தப் பத்தி பிறந்த இடத்துக்குப் போவோம்.

அமெரிக்காவில் சுங்கச் சாலைகள் வந்தபோது அவற்றின் ஓய்விடங்களும் ரயில் நிலையங்களைப் போலவே ஆகின. உள்ளே நுழைந்த கார், வெளியேறும் வாயில் வரும்வரை வேறு எங்கும் போக முடியாது. 1940-இல் பென்சில்வேனியா சுங்கச்சாலை திறந்தபோது அதில் உணவகம் நடத்தும் உரிமையைப் பெற்றது ஹோவர்ட் ஜான்சன் நிறுவனம். பல சுங்கச் சாலைகளில் அதன் கடைகள் வந்தன. பல வருடம் கழித்து அந்தக் கடைகளில் சில வேறு பிராண்டுகளாக மாற்றப்பட்டன. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லீ என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஷெக் என்பவர் பர்கர் கிங் பிரான்சைஸ் வைத்திருந்தார். அவர் ஊருக்கு அருகே போகும் சுங்கச்சாலையின் ஓய்விடத்தில் இருந்த பழைய ஹோவர்ட் ஜான்சன் கடை, பர்கர் கிங்காக மாறியது. ஷெக் வழக்குப் போட்டார். அவருடைய ஒப்பந்தத்தில் அவருக்கு எந்த எல்லையும் கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. சித்தப்பாவுக்குக் கிடைத்த வட்டம்கூட அவருக்குக் கிடையாது. இருந்தும் 1991-இல் ஃபுளோரிடாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. எல்லை இல்லை என்பதற்கு, அவருடைய வியாபாரத்தை அழிக்கும்படி பக்கத்திலேயே இன்னொன்றைத் திறக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்று பொருளாகாது என்பது அதன் நிலை. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளும் கடமை ஒன்று உண்டு என்ற கொள்கையை அது பிடித்துக்கொண்டது.

பிரான்சைஸ் உலகம் அதிர்ந்துதான் போனது. ஆனால் எட்டு வருடத்தில் காற்று திரும்பியது. மொன்டானா மாநிலத்தின் கிரேட் ஃபால்ஸ் ஊரில் வீவர் என்பவர் பர்கர் கிங் கடைகள் வைத்திருந்தார். ஊரை ஒட்டி மால்ம்ஸ்ட்ரோம் விமானப்படைத் தளம். 1989-இல் தளத்தின் உள்ளே ஒரு பர்கர் கிங் திறந்தது. வீரர்களும் குடும்பங்களும் வெளியே வரவேண்டிய தேவை குறைந்தது. வீவர் நிறுவனத்துக்குக் கட்டவேண்டிய பணத்தை நிறுத்தினார், நிறுவனம் வழக்குப் போட்டது, அவர் எதிர்வழக்குப் போட்டார். 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஒப்பந்தத்தின் வெளிப்படையான ஒரு விதி மீறப்படாதவரை, நல்லெண்ணக் கடமை மீறப்பட்டது என்று தனியாக வழக்காட முடியாது என்றது.

இரண்டு வழக்கிலும் தகராறு நடந்த இடத்தைப் பாருங்கள். ஒன்று சுங்கச்சாலை ஓய்விடம், இன்னொன்று ராணுவ வளாகம். ஊர்த் தெருவில் எதிரெதிரே இரண்டு கடை என்ற சண்டை அல்ல. இரண்டுமே கேட்டுச் சண்டை.

நிறுவனங்கள் இதிலிருந்து கற்ற பாடம், நல்லெண்ணம் பற்றி நீதிபதி யோசிக்க இடமே வைக்கக்கூடாது என்பது. இன்று பிரான்சைஸ் ஒப்பந்தங்களில் அந்த இடங்கள் பெயர் சொல்லி ஒதுக்கப்படுகின்றன. அமெரிக்காவில் குறைந்தபட்சம் ஒரு காப்பு இருக்கிறது. அங்கே பிரான்சைஸ் விற்கும் முன் கொடுக்கவேண்டிய வெளிப்படுத்தல் ஆவணத்தின் 12-ஆவது அம்சம் எல்லையைப் பற்றியது. பிரத்தியேக எல்லை இல்லையென்றால் இல்லை என்பதையும், நிறுவனத்தின் சொந்தக் கடைகளே உங்களுக்குப் போட்டியாக வரலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

இந்தியாவில் பிரான்சைஸுக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. 1872-இன் ஒப்பந்தச் சட்டம், 1999-இன் வணிகக்குறிச் சட்டம், 2002-இன் போட்டிச் சட்டம் இவற்றின் துண்டுகளை ஒட்டித்தான் வழக்காட வேண்டும். பெரிய ஆட்கள் நாட்டையே பிரித்துக்கொள்ளும்போது எல்லை ஒழுங்காக எழுதப்படும். மெக்டொனால்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது மேற்கும் தெற்கும் ஒரு கூட்டாளிக்கு, வடக்கும் கிழக்கும் இன்னொருவருக்கு. வடக்குக் கூட்டாளியோடு சண்டை வந்து 2017-இல் 169 கடைகளின் உரிமத்தை நிறுவனம் ரத்து செய்தது, 2019-இல் சமரசம் ஆனது. இரண்டு பக்கமும் வக்கீல்கள், பல வருடம் தாங்கும் பணம். சித்தப்பாவின் பக்கம் நான் ஒருவன், அதுவும் சனி ஞாயிறு மட்டும்.

5

ஒரு கணக்கு. சித்தப்பாவின் கடையில் முன்பு ஒருநாள் விற்பனை சுமார் 30,000 ரூபாய். நிறுவனத்துக்கு 6 சதவீதம், அதாவது 1,800. ஓய்விடக் கடை வந்தபிறகு இவருடையது 22,000-க்கு இறங்கியது. அந்தக் கடை 20,000 விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 42,000, நிறுவனத்துக்கு 2,520. சித்தப்பாவுக்கு வாடகை குறையவில்லை, மாஸ்டர் சம்பளம் குறையவில்லை, வட்டி குறையவில்லை. குறைந்த 8,000-இல்தான் அவருடைய லாபம் இருந்தது.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நிறுவனத்தின் வருமானம் மொத்த விற்பனையின்மேல், கடைக்காரரின் வருமானம் தன் கடையின் லாபத்தின்மேல். இரண்டு பேரும் ஒரே போர்டின் கீழ் நின்று வெவ்வேறு எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புதுக்கடை பழைய கடையைச் சாப்பிட்டாலும் முதல் எண் ஏறத்தான் செய்யும். இந்த முரணை அடக்கி வைப்பதற்காகத்தான் எல்லை என்ற ஏற்பாடே வந்தது. அதில் ஓட்டை போட்டால் முரண் அந்த வழியாக வெளியே வருகிறது.

ஓட்டைகள் இனி கூடத்தான் போகின்றன. எங்கள் பாதையில் பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடியிலும் சுங்கச்சாவடிகள். அரசு பஸ் எந்த மோட்டலில் நிற்கும் என்பது டிரைவரின் பசியைப் பொறுத்ததல்ல, டெண்டரைப் பொறுத்தது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் நாடெங்கும் 600-க்கும் மேற்பட்ட இடங்களில் சாலையோர வசதி மையங்கள் அமைக்கப்போவதாக 2021-இல் அறிவித்தது. பயணிக்கு நல்ல கழிப்பறை கிடைக்கிறது, குடும்பத்தோடு போகிறவர்கள் நிம்மதியாக இறங்கலாம். நானே பெங்களூரிலிருந்து வரும்போது அங்கேதான் நிறுத்துகிறேன். இதை ஒளித்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

6

ஆம்பூரின் சொந்தப் பிரியாணிக்கு இப்படி ஒரு எல்லை எப்போதாவது இருந்ததா?

ஆற்காடு நவாபின் படைக்குச் சமைத்தவர்கள் வழியாக வந்தது என்று சொல்லப்படும் பிரியாணி இது. சீரகச் சம்பா, அரைத்த மிளகாய், விறகடுப்பில் தம், பக்கத்தில் கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும். ‘ஸ்டார்’ என்று பெயரில் வரும் பிரியாணிக் கடைகள் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும். முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல் மாறும், நடுவில் நட்சத்திரம் இருக்கும். எது மூலம், எது கிளை என்று வெளியூர்க்காரருக்குப் புரியாது. திண்டுக்கல் பக்கம் தலப்பாக்கட்டிப் பெயருக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். எங்கள் பக்கம் எந்த தேக்சாவிலிருந்து நல்ல வாசனை வருகிறதோ அங்கே போவோம். பெயருக்கு வேலி இல்லாததால் பெரிய பணக்காரர் ஆனவர்கள் குறைவு, ஆனால் சின்ன முதலில் கடை போட்டுப் பிழைத்தவர்கள் நிறைய.

இந்தப் பெயருக்கும் ஒருமுறை வேலி போடும் முயற்சி நடந்தது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் புதிய திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா அறிவித்தது. ஆம்பூர்ப் பிரியாணிக்குப் புவிசார் குறியீடு வாங்கும் பேச்சும் அதோடு சேர்ந்து வந்தது. திருவிழாவில் பல வகைப் பிரியாணி உண்டு, மாட்டுக்கறிப் பிரியாணி மட்டும் கிடையாது. ஆம்பூரில் தினமும் தெருவில் விற்கிற, டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிற எத்தனையோ பேர் சாப்பிடுகிற பிரியாணிக்கு ஆம்பூர்த் திருவிழாவில் இடமில்லை. தலித் அமைப்புகளும் முஸ்லிம் அமைப்புகளும் எதிர்த்தன. வெளியே இலவசமாகவே மாட்டுக்கறிப் பிரியாணி கொடுப்போம் என்று சிலர் அறிவித்தார்கள். கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில எஸ்சி, எஸ்டி ஆணையம் நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது.

சித்தப்பாவின் பட்டியலில் ‘கண்காட்சித் திடல்’ என்று ஒன்று இருந்ததே, அது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. தெருவில் யார் எதை விற்பது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. திடலைச் சுற்றிக் கயிறு கட்டியதும் உள்ளே எந்தப் பிரியாணி வரலாம் என்று முடிவு செய்ய ஒருவர் வந்துவிடுகிறார். 1941-இல் ரயில் நிலையத்தில் எடுத்த போர்டுக்கும் இதற்கும் உள்ள உறவு தூரத்து உறவு அல்ல.

மூடிய இடம் தன்னளவில் தவறு என்று நான் சொல்லவில்லை. ரயில் நிலையமும் கேன்டீனும் ஓய்விடமும் வேண்டும். ஆனால் அங்கே கிடைக்கும் லாபம் சாப்பாட்டின் ருசியிலிருந்து மட்டும் வருவதில்லை. வேறு எங்கும் போக முடியாத மனிதர்களிடமிருந்து வருகிறது. அந்த இடங்களை மனிதர்கள் நிறைந்ததாக ஆக்கியதோ சாலைக்கு நிலம் கொடுத்த ஊரும், கம்பெனிக்கு ஆள் அனுப்பிய கிராமமும். அந்த லாபத்தில் கேட்டுக்கு வெளியே இருப்பவருக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. ஒப்பந்தங்கள் பேச மறுப்பது இதைத்தான்.

7

நிறுவனத்துக்கு எழுதினோம். பதில் மரியாதையாகவே வந்தது: எங்கள் நிலை ஒப்பந்தத்தின்படி சரியானது, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. ஒப்பந்தம் சரி என்றுதான் சொல்கிறது. நான் மூன்று முறை படித்துவிட்டேன்.

வரும் மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். சித்தப்பா விட்டுவிடலாமா என்று யோசித்தார். போர்டைக் கழற்றிவிட்டுச் சொந்தப் பெயரில் போடலாம், ஆனால் விலகிய பிறகு இரண்டு வருடம் அதே இடத்தில் பிரியாணி விற்கக்கூடாது என்று இன்னொரு பத்தி இருக்கிறது. அது எவ்வளவு தூரம் செல்லும் என்று வக்கீலைக் கேட்டோம். வேலை முடிந்தபிறகும் தொழிலைத் தடுக்கும் நிபந்தனையை ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு லேசில் விடாது, ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும், கடனும் உங்களோடு நிற்கும் என்றார்.

அதனால் இப்போதைக்கு மூன்று திருத்தம் கேட்டிருக்கிறோம். வட்டத்துக்குள் எந்தக் கேட்டுக்குள் கடை திறந்தாலும் முதலில் எங்களைக் கேட்க வேண்டும். எங்களால் எடுக்க முடியாவிட்டால் அந்தக் கடையின் ராயல்ட்டியில் ஒரு பங்கு எங்களுக்கு வரவேண்டும். பட்டியலில் இருக்கும் இடங்களைப் பெயரும் முகவரியுமாக எழுத வேண்டும், ‘முதலியன’ கூடாது. முதல் இரண்டும் நான் சொன்னவை. வெளிநாட்டு ஒப்பந்தங்களில் இந்த மாதிரி ஏற்பாடுகள் உண்டு. மூன்றாவது சித்தப்பா சொன்னது. 22 வருடம் தோல் வெட்டியவர் அவர். அளவு எழுதாத பேட்டர்னை அவர் மேசைக்கு யாரும் கொண்டுவர முடியாது.

விற்பனை அதிகாரி போன வாரம் கடைக்கு வந்தார். வேண்டுமானால் வட்டத்தை 3-லிருந்து 5 கிலோமீட்டராக ஆக்கித் தருகிறோம், இது உங்களுக்கு மட்டும் தரும் சலுகை என்றார். சித்தப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாராம்:

“வட்டம் எவ்ளோ பெருசா வேணா போட்டுக்கோ சார். உள்ள எத்தினி கேட்டு கீதுன்றத நான் எழுதறேன்.”

அவர் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.